தொட்டில் துயரும் நாட்டின் பாராட்டும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)

துன்பங்களுள் எல்லாம் பெரிய துன்பம் புத்திர சோகம் என்பர் பெரியோர். முதுமையில் வரும் மரணத்தை மனம் எப்படியோ ஏற்றுக்கொள்கிறது. நோயில் வரும் மரணத்திற்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. ஆனால் மாலையில் பால் குடித்துச் சிரித்த குழந்தை காலையில் உயிரற்றுக் கிடந்தால், அந்தத் தாய் யாரை நோவது? கேட்பவர்க்கு என்ன விடை சொல்வது?

இக்கேள்வி எனக்குப் புதியதன்று. என் அம்மா எனக்கு முன் ஓர் ஆண் குழந்தையைப் பெற்று, மூன்றாம் மாதத்தில் இழந்தவர். தூங்கிய பிள்ளை எழவில்லை. “பெத்தவளே புரண்டு படுத்து அமுக்கிட்டா” என்று ஊரில் சிலர் பேசினார்களாம். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். மறுத்துப் பேச அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கிடைக்காத அந்தச் சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அத்தேடலில் அறிந்தவற்றை ஆசிரியப் பெருமக்களோடும் மாணவ நண்பர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திடீர்ச் சிசு மரணம்

நலமாக இருந்த, ஓராண்டு நிறையாத குழந்தை உறக்கத்தில் திடீரென இறந்துவிடுகிறது. உடலை அறுத்துப் பார்க்கிறார்கள். இறந்த இடத்தை ஆராய்கிறார்கள். மருத்துவ வரலாற்றைக் கேட்டறிகிறார்கள். இம்மூன்றிலும் காரணம் புலப்படவில்லையெனில் அதனை மருத்துவ உலகம் ‘திடீர்ச் சிசு மரணம்’ என்கிறது. இங்கிலாந்து மக்கள் இதைத் ‘தொட்டில் மரணம்’ என்றே அழைத்து வந்தனர். பிறந்து இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள் இது மிகுதியாக நிகழ்கிறது.

இதற்குத் துணைபோகும் காரணங்களுள் முதன்மையானது குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பது. குப்புறக் கிடக்கும் சிசுவின் மூக்கும் வாயும் மெத்தையை ஒட்டியிருக்கும். விட்ட மூச்சையே அது திரும்ப இழுக்கும். கரியமில வாயு மிகுந்து பிராண வாயு குறையும். முகத்தின் வழியே வெளியேற வேண்டிய வெப்பமும் வெளியேறாது. நமக்கு இந்நிலை வந்தால் விழித்துத் தலையைத் திருப்பிக்கொள்வோம். சில சிசுக்களின் மூளையில் அவ்விழிப்பைத் தூண்டும் பகுதி போதிய வளர்ச்சி பெறாதிருக்கிறது என்பது அறிஞர் கருத்து.

அவ்வாறாயின் மேலைநாட்டார் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தது ஏன்? மல்லாந்து கிடந்தால் கக்கிய பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்ற அச்சமே காரணம். உண்மை இதற்கு நேர்மாறானது. மல்லாந்து படுக்கையில் மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழுமாக அமைகின்றன. கக்கிய பால் கீழேயுள்ள உணவுக்குழலுக்கே திரும்புகிறது. ஆயினும் உலகப் புகழ்பெற்ற டாக்டர் ஸ்பாக் தமது குழந்தை வளர்ப்பு நூலின் 1958ஆம் ஆண்டுப் பதிப்பில் குப்புறப் படுக்கவைப்பதையே விரும்பத்தக்கதாகக் கூறினார். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட அறிவுரைதான். நல்லெண்ணத்தோடு அதைப் பின்பற்றிய தாய்மார் பலர்.

2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, 1940 முதல் வெளிவந்த ஆய்வுகளையும் நூல்களையும் ஒன்றுசேர்த்து அலசியது. அதன் முடிவு நெஞ்சை உலுக்குவது. குப்புறப் படுப்பது தீங்கு என்பதற்கான சான்று 1970ஆம் ஆண்டிலேயே கிடைத்திருந்தது. அன்றே அதை ஒன்றுதிரட்டிப் பார்த்திருந்தால், பிரிட்டனில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் குறைந்தது 50,000 குழந்தைகளையும் காத்திருக்கலாம் என்று அவ்வாய்வு கணக்கிட்டது.

சான்று ஏட்டில் இருந்தது; தொட்டிலை எட்டவில்லை. அதை எட்டச் செய்தவர்களுள் பிள்ளையை இழந்த பெற்றோர்க்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரு தாயின் போராட்டம்

ஆன் டயமண்ட் என்பவர் பிரிட்டனின் காலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியால் நாடறிந்த முகமானவர். 1991 ஜூலையில் அவருடைய நான்கு மாதக் குழந்தை செபாஸ்டியன் உறக்கத்திலேயே இறந்தான். அடக்கத்திற்கு வரவேண்டா என்று குடும்பத்தார் பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டனர். அப்படியிருந்தும் தந்தை சிறு சவப்பெட்டியைச் சுமந்து செல்லும் படத்தை ஒரு நாளேடு முதல் பக்கத்தில் வெளியிட்டது. பத்திரிகைகளின் நடத்தையை ஆராய அமைந்த லெவசன் விசாரணையின் முன் 2011இல் அவர் இதனை எடுத்துரைத்தார். இருபது ஆண்டுகள் கழிந்தும் அந்தப் புண் ஆறவில்லை.

ஆயினும் அவர் முடங்கிவிடவில்லை. நியூசிலாந்தில் 1987 முதல் 1990 வரை நாடு தழுவிய ஆய்வு ஒன்று நடந்து, குப்புறப் படுத்தலின் தீங்கை நிறுவியிருந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பீட்டர் பிளெமிங் என்ற மருத்துவப் பேராசிரியரின் குழுவும் 1990இல் அதே முடிவை வெளியிட்டிருந்தது. டயமண்ட் நியூசிலாந்துக்கே சென்று விவரம் அறிந்தார். திரும்பி வந்து, ‘இதை ஏன் எங்கள் தாய்மார்க்குச் சொல்லவில்லை?’ என்று அரசை நெருக்கினார். 1991 டிசம்பரில், குழந்தைகளை மல்லாந்து தூங்கவைக்கச் சொல்லும் இயக்கத்தைப் பிரிட்டிஷ் அரசு தொடங்கியது. தொலைக்காட்சி விளம்பரத்தில் டயமண்டே தோன்றிப் பேசினார்.

விளைவு என்ன? இங்கிலாந்திலும் வேல்சிலும் 1980களின் இறுதியில் ஆண்டுக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு இறந்துகொண்டிருந்தனர். 1991க்கும் 1992க்கும் இடையே அவ்வெண்ணிக்கை ஏறத்தாழப் பாதியானது. இன்று, இயக்கத்திற்கு முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துள்ளது. புதிய மருந்தோ கருவியோ எதுவுமின்றி, படுக்கவைக்கும் முறையை மாற்றியதாலேயே இவ்வளவு பெரும்பயன் விளைந்தது.

குழந்தை மருத்துவர்களின் அரச கல்லூரி, மருத்துவர் அல்லாத அவருக்குப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. 2023ஆம் ஆண்டின் புத்தாண்டுப் பட்டியலில் ஓ.பி.இ. என்னும் அரச விருதும் கிடைத்தது. மகன் இறந்து முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின் வந்த பாராட்டு அது.

கணக்கில் நேர்ந்த பிழை

அதே நாட்டில் வேறொரு தாய்க்குக் கிடைத்ததோ சிறைத்தண்டனை. கணிதம் பயிலும் மாணவர் இதனை அறிந்துகொள்வது நலம்.

சாலி கிளார்க் ஒரு வழக்கறிஞர். அவருடைய இரண்டு ஆண் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தனர். அவரே கொன்றார் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. அத்தகைய குடும்பத்தில் ஒரு தொட்டில் மரணம் நேரும் நிகழ்தகவு 8,543இல் ஒன்று; எனவே இரண்டு நேரும் நிகழ்தகவு 8,543ஐ 8,543ஆல் பெருக்கினால் வரும் 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என நீதிமன்றத்தில் ஒரு மருத்துவ வல்லுநர் சாட்சியம் கூறினார். 1999இல் அத்தாய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பிழை எங்கே? ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்கே நிகழ்தகவுகளை அப்படியே பெருக்கலாம் என்று முதலாண்டிலேயே படிக்கிறோம். இரண்டு காசுகளைச் சுண்டினால் ஒன்றின் தலை மற்றொன்றைப் பாதிக்காது. ஆனால் ஒரே வீட்டில் அக்காவுக்கு அம்மை கண்டால் தங்கைக்கும் காண வாய்ப்பு மிகுமன்றோ? உடன்பிறந்தார்க்குக் குருதியும் ஒன்று, வீடும் ஒன்று. ஒரு குழந்தை இவ்வாறு இறந்த குடும்பத்தில் மற்றொன்றுக்கும் அந்த ஆபத்து மிகுதியாக இருக்கலாம். மேலும், இரட்டைத் தொட்டில் மரணம் அரிது என்றால், ஒரு தாய் தன் இரு சிசுக்களையும் கொல்வதும் அரிதே. இரண்டு அரியவற்றுள் எது கூடுதல் அரியது என்று ஒப்பிடாமல் ஒன்றை மட்டும் சொல்வது நியாயமாகாது. 2001இல் அரச புள்ளியியல் கழகம் இப்பெருக்கலைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. முன்னர் நீதிமன்றத்தின் பார்வைக்கு வராதிருந்த நுண்ணுயிர் ஆய்வு முடிவுகளும் வெளிவரவே, 2003 ஜனவரியில் தீர்ப்பு ரத்தாகி அவர் விடுதலையானார். நான்கே ஆண்டுகளில், 2007இல், அவர் காலமானார்.

சட்டத்தில் ஒரு பெயர்

பாராட்டு என்பது பதக்கமாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் சங்கம் அமைத்து இடைவிடாது முயன்றதன் பயனாக, 1974இல் திடீர்ச் சிசு மரணம் பற்றிய ஆராய்ச்சிக்கும், துயருற்ற குடும்பங்களுக்கான உதவிக்கும் தனிச் சட்டம் பிறந்தது.

1998இல் சிகாகோ நகரில் டேனி கெய்சர் என்ற குழந்தை, மடக்குத் தொட்டில் சரிந்து கழுத்தை நெரித்ததால் இறந்தது. அத்தொட்டில் ஐந்தாண்டுகளுக்கு முன்பே ஆபத்தானதென்று திரும்பப் பெறப்பட்ட வகை. அச்செய்தி குழந்தையைப் பார்த்துக்கொண்டவரை எட்டவில்லை. பெற்றோர் இருவரும் பேராசிரியர்கள். ஓர் அமைப்பை நிறுவிப் போராடினர். 2008இல் இயற்றப்பட்ட நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தில், குழந்தைப் பொருள்களைச் சோதிப்பது, வாங்கியவர்க்கு ஆபத்தை அறிவிப்பது பற்றிய பிரிவு டேனியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

பாராட்டு எதற்கு?

பிள்ளையை இழந்ததற்கு யாரும் விருது தருவதில்லை. அதைப் பெற்றவரும் அதற்காக மகிழ்வதில்லை. அறிவியல் கண்டதை அடுத்த வீட்டுத் தொட்டில் வரை கொண்டுசென்ற உழைப்புக்கே அப்பாராட்டு. அதனால் மற்றொரு பயனும் உண்டு. ஒரு நாடு இத்தகைய தாயை மேடையேற்றும்போது, ‘இவள் குற்றவாளி அல்லள்’ என்றும் ஊரறியச் சொல்கிறது. புரண்டு படுத்துக் கொன்றாள் என்ற பழியை ஐரோப்பியத் தாய்மாரும் நூற்றாண்டுகளாகச் சுமந்தவர்களே.

என் அண்ணன் இறந்த காரணத்தை இனி யாராலும் சொல்ல இயலாது. உடற்கூறு ஆய்வு நடக்கவில்லை. எழுத்தில் எதுவும் இல்லை. இக்கட்டுரையை எழுதி முடித்த அன்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். விருது, சட்டம், கணக்கு எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை. “அந்தம்மாவையும் ஊர் பேசுச்சா?” என்று மட்டும் கேட்டார். “பேசுச்சும்மா. ஒரு அம்மாவ செயில்லயே போட்டாங்க. அப்புறம் தப்புன்னு விட்டுட்டாங்க” என்றேன். சற்று நேரம் பேசாதிருந்து, “அந்தத் தாளை எடுத்து வை” என்றார்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் ஊர் திரும்புவோம். சிசுவை மல்லாந்து படுக்கவைக்கவும், முகத்தைத் துணியால் மூடாதிருக்கவும், தலையணையைத் தவிர்க்கவும், குழந்தை இருக்கும் வீட்டில் புகை பிடிக்காதிருக்கவும் சொல்ல நமக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. பிள்ளையை இழந்த வீட்டிற்குச் செல்ல நேர்ந்தால், ‘எப்படிப் படுக்க வைத்தாய்?’ என்று தாயிடம் கேட்காதிருப்போம். அவள் பேச விரும்பினால் உட்கார்ந்து கேட்போம்.