வானில் காற்றுக் குறைந்தால்



நம் பள்ளி மாணவி ஒருத்தியின் தாயார் அண்மையில் முதன்முறையாக ஆகாய விமானம் ஏறிச் சென்னைக்குச் சென்று திரும்பினார். ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், விமானம் கிளம்புமுன் அந்தப் பணிப்பெண் ஒரு மஞ்சள் முகமூடியைக் காட்டி, முதலில் நீங்கள் மாட்டிக்கொண்டு பிறகு பிள்ளைக்கு மாட்டுங்கள் என்றாள். பெற்றவளுக்கு அப்படிச் செய்ய மனம் வருமா?"

நியாயமான கேள்விதான். அன்று அவருக்குக் கூறிய விடையையே இங்குச் சற்று விரித்து எழுதுகின்றேன்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. மலைமேல் ஏறினாலும் இப்பங்கு மாறுவதில்லை; மாறுவது காற்றின் அழுத்தமேயாகும். கேமரன் மலைக்குச் சுற்றுலா சென்ற மாணவர்கள், வழியில் காது அடைத்ததையும், பையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் பலூன்போல் உப்பியதையும் மறந்திருக்க மாட்டார்கள். அங்குள்ள தானா ராத்தா நகரம் ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில்தான் இருக்கின்றது. 18,000 அடியில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் பாதியாகிவிடும். பெரிய விமானங்கள் பறக்கும் 35,000 அடியிலோ ஏறக்குறையக் கால் பங்குதான் எஞ்சும். அழுத்தம் குறையக் குறைய, நுரையீரலிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பிராணவாயுவும் குறையும். ஆகவே, விமானத்தினுள் காற்றை அமுக்கிச் செலுத்தி, பயணிகள் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் அமர்ந்திருப்பதைப் போன்ற நிலையை உண்டாக்கி வைத்திருக்கின்றனர்.

கதவிடுக்கிலோ சன்னலிலோ பழுது ஏற்பட்டாலும், காற்றுச் செலுத்தும் கருவி தவறினாலும் அவ்வழுத்தம் வெளியேறிவிடும். உள்ளழுத்தம் ஏறத்தாழ 14,000 அடி உயரத்திற்குரிய அளவுக்கு இறங்கியதும், இருக்கைகளுக்கு மேலிருந்து முகமூடிகள் தாமாகவே விழும். நம் கினாபாலு மலையின் உச்சியே 13,435 அடிதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, தாயாரின் கேள்விக்கு வருவோம். 35,000 அடி உயரத்தில் முகமூடியின்றி ஒருவர் தெளிவாகச் சிந்தித்துச் செயற்படக்கூடிய நேரம் 30 முதல் 60 விநாடிகளே. அழுத்தம் திடீரெனப் போய்விட்டால் அதுவும் சுருங்கும். இதில் கொடிய செய்தி என்னவெனில், மூச்சுத் திணறல் முன்கூட்டி வந்து எச்சரிப்பதில்லை. மூளை மந்தமாவதை அம்மூளையே அறியாது. சிலருக்கு மகிழ்ச்சிகூடத் தோன்றும். விமானிகளை அழுத்தம் குறைந்த அறையில் அமர்த்திப் பயிற்சி தரும்போது எளிய கணக்குகளைப் போடச் சொல்வதுண்டு. சற்று நேரத்தில் கையெழுத்துக் கோணும், கூட்டல் தவறும். போடுபவரோ எல்லாம் சரியென்றே எண்ணிக்கொண்டிருப்பார். (நம் வகுப்பறையில் இது நிகழ்வதற்குக் காரணம் வேறு!)

பிள்ளையின் முகத்தில் முகமூடியைப் பொருத்த முயலும் தாய், பாதியில் மயங்கிச் சாய்ந்தால் இருவருக்கும் உதவியில்லை. தாய் தனக்கு மாட்டிக்கொள்ளச் சில விநாடிகள் போதும். அதற்குள் பிள்ளை மயங்கினாலும், உடனே முகமூடி மாட்டினால் விரைவில் தெளிந்துவிடும்.

விமானப் பணியாளர்களுக்கும் விதி இதுவே. முகமூடிகள் விழுந்ததும் அவர்கள் பயணிகளை நோக்கி ஓடுவதில்லை. கைக்கெட்டிய முகமூடியை மாட்டிக்கொண்டு, அருகில் எந்த இருக்கை காலியோ அதில் அமர்ந்து வாரைப் பூட்டிக்கொள்வர். இடமில்லையேல் எதையாவது இறுகப் பற்றிக்கொள்வர். அவ்வேளையில் விமானி 10,000 அடியை நோக்கி வேகமாக இறங்கிக்கொண்டிருப்பார். விமானம் பாதுகாப்பான உயரத்திற்கு வந்தபின்னரே அவர்கள் எழுந்து, கையில் தூக்கும் பிராணவாயுக் குப்பியுடன் வரிசை வரிசையாகச் சென்று மயங்கியோரைக் கவனிப்பர். கழிவறைக்குள் எவரேனும் விழுந்து கிடக்கின்றனரா என்றும் பார்ப்பர்.

1988ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஹவாய்த் தீவுகளில் நடந்ததைக் கேளுங்கள். ஹிலோவிலிருந்து ஹொனலுலுவுக்குச் சென்ற அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் பறந்தபோது, முன்பகுதியின் கூரை ஏறத்தாழ 18 அடி நீளத்திற்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பல்லாயிரம் முறை ஏறி இறங்கியதால் உலோகம் களைத்தும், கடற்காற்றால் அரித்தும் போயிருந்தது. திரும்பிப் பார்த்த தலைமை விமானி, கூரை இருந்த இடத்தில் நீல வானத்தைக் கண்டார். விமானிகள் தத்தம் முகமூடியை அணிந்துகொண்டனர். காற்றின் இரைச்சலில் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேளாமையால் கைச்சைகை காட்டியே விமானத்தை இறக்கலாயினர்.

37 ஆண்டுகள் பணியாற்றிய கிளாரபெல் லான்சிங் என்னும் மூத்த பணிப்பெண் ஐந்தாம் வரிசையருகே நின்றிருந்தார். காற்று அவரை வெளியே இழுத்துச் சென்றது, உடலும் கிடைக்கவில்லை. இரண்டாமவர் தலையில் அடிபட்டு வீழ்ந்தார். பின்பகுதியில் தரையில் வீசப்பட்ட மிசெல் ஹோண்டா என்பவரே எழுந்து செயற்படும் நிலையில் இருந்தார். அவர் இருக்கைகளுக்கிடையே தவழ்ந்து சென்று, அஞ்சி நடுங்கிய பயணிகளுக்கு உதவியும் ஆறுதலும் அளித்தார். விபத்து நேர்ந்து சுமார் 13 நிமிடங்களில் விமானம் மாவி தீவின் கஹுலுயி நிலையத்தில் இறங்கிற்று. அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஆயினும், இருக்கைவாரைப் பூட்டியிருந்த பயணிகளில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை.

இவையனைத்தையும் அந்தத் தாயார் பொறுமையுடன் கேட்டார். பிறகு, "சரிங்க சார், என் சின்னவனுக்கு முகம் சிறியதாயிற்றே, அந்த முகமூடி நிற்குமா?" என்றார். முதலில் முகமூடியைத் தன்பக்கம் இழுக்க வேண்டும், அப்போதுதான் காற்று வரத் தொடங்கும் என்றேன். பின்னர் மூக்கும் வாயும் மூடுமாறு வைத்து, மீள்வாரைத் தலைக்குப் பின்னே மாட்டி, இருபுறமும் தொங்கும் நுனிகளை இழுத்தால் சிறு முகத்திற்கும் பொருந்தும் என்றும், பை உப்பாவிட்டாலும் காற்று வந்துகொண்டுதான் இருக்கும் என்றும் கூறினேன். அவர் என் மேசையிலிருந்த கைக்குட்டையை எடுத்து, முதலில் தம் முகத்திலும், பின்னர் அருகில் நின்ற மகன் முகத்திலும் வைத்துப் பார்த்துக்கொண்டார்.