மெட்டும் சொல்லும்

செய்யுள் இயற்றப் புகும் மாணாக்கருட் பலர் சீரும் தளையும் எண்ணுவதிலேயே களைத்து, எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர். அன்னார்க்கு இசை உற்ற துணையாகும் என்பதே யாம் ஈண்டுக் கூறக் கருதியது.

முன்னோர் வழியும் இதுவே. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மக்கள் பாடி மகிழ்ந்த குறவஞ்சியைக் கிறிஸ்து நாதருக்கு உரியதாக்கிப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். பாரதியார் 1912-இல் வெளியிட்ட 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகத்தில் நொண்டிச் சிந்தை மிகுதியும் ஆண்டார். நம் கொங்கு நாட்டுப் பூளவாடியிற் பிறந்த உடுமலை நாராயணகவி (1899–1981) நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் மெட்டறிந்து சொல்லமைத்தவர்.

பயிற்சி எளிது. நம்மூர்க் கும்மி மெட்டொன்றை எடுத்துக்கொள்க. முதலிற் பொருட்சொல் இன்றித் 'தன்னானே' எனக் கைகொட்டிப் பாடுக. கொட்டு விழும் இடங்களிற் கருத்துக்குரிய சொல்லையும் மோனையையும் வைக்க. ஓசை நீளுமிடத்தில் நெடில் நிற்கட்டும். ஆங்குக் குறில் நின்றால் 'கல்' என்பது 'கால்' என ஒலித்துப் பொருள் திரியும். கீர்த்தனை பாடிப் பழகிய தோழர்க்கும் கும்மியடித்து வளர்ந்த தோழியர்க்கும் இஃது அரிதன்று.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இனிய மெட்டு வெறுஞ்சொல்லையும் இனிதாக்கிக் காட்டும். இடம் நிரப்ப வந்த அசைச்சொல்லும் அதனுள் மறைந்துகொள்ளும். ஆதலின், எழுதியதை மறுநாள் மெட்டை நீக்கி, உரைபோல வாய்விட்டுப் படிக்க. அப்பொழுதும் நெஞ்சைத் தொடும் அடிகளே நம்முடையவை. ஏனையவை மெட்டினிடம் வாங்கிய கடன்.