உப்பளத்தில் ஒரு பசுமை நகரம்

கேள்வி: என் கணவருக்குச் சீனாவின் தியான்ஜின் சூழலியல் நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளைகளோடு நானும் அங்கே குடிபோக வேண்டும். சிங்கப்பூரும் சீனாவும் சேர்ந்து கட்டிய பசுமை நகரம் என்கிறார்கள். உண்மையிலேயே சுற்றுச்சூழலைக் காக்கும் நகரமா, வெறும் விளம்பரமா?
— ஒரு வாசகி, ஜூரோங், சிங்கப்பூர்

பதில்: பசுமை நகரம் என்று எதைக் காட்டினாலும், அங்கே முன்பு என்ன இருந்தது என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன். விளைநிலத்தையும் ஏரியையும் அழித்துவிட்டு, கூரையில் சூரியத் தகடு பதித்தால் அது பசுமை ஆகாது. இந்த விஷயத்தில் தியான்ஜினை மனமாரப் பாராட்டுகிறேன். விளைநிலத்தில் கை வைக்கக்கூடாது, தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள இடமாக இருக்க வேண்டும் என்பவை 2007-இல் ஒப்பந்தம் போட்டபோதே சீன அரசு வைத்த நிபந்தனைகள். அமைந்த 30 சதுர கிலோமீட்டரில் ஏறக்குறைய ஒரு பங்கு உப்பளம், ஒரு பங்கு உவர்த் தரிசு, ஒரு பங்கு நீர்ப்பரப்பு. அந்த நீர்ப்பரப்பில் தொழிற்சாலைக் கழிவு பல பத்தாண்டுகளாகத் தேங்கிய ஒரு நீர்த்தேக்கமும் இருந்தது. அடிச்சேறெல்லாம் கன உலோகங்கள். அந்தச் சேற்றை அள்ளிச் சுத்திகரித்து, நீர்த்தேக்கத்தை ஏரியாக்கினார்கள்.

உவர் மண்ணில் மரம் வளர்ப்பதும் லேசான வேலை இல்லை. நிலத்தடி உப்புநீர் மேலேறி வேரைக் கருக்கிவிடும். அடியில் வடிகால் அமைத்து, உப்பைக் கழுவி வெளியேற்றி, நல்ல மண் பரப்பினால்தான் செடி பிடிக்கும். அங்கே உயர்ந்து நிற்கும் கட்டடங்களைவிட இந்த மண்ணையும் ஏரியையும்தான் நான் பெரிய சாதனையாகச் சொல்வேன்.

தண்ணீருக்கும் கடுமையான இலக்கு வைத்தார்கள். மொத்தத் தேவையில் பாதியாவது மழைநீர், மறுசுழற்சி நீர், சுத்திகரித்த கடல்நீர் ஆகியவற்றிலிருந்து வர வேண்டும். வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 120 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. சிங்கப்பூரின் மறுசுழற்சி நீரான நியூவாட்டர் பழகிய உங்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது.

எரிசக்தியிலும் போக்குவரத்திலும்தான் எனக்குக் குறை. புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு வைத்த இலக்கே 20 விழுக்காடுதான். நிலக்கரியை இவ்வளவு நம்பியிருக்கும் ஒரு வட்டாரத்தில் இது மிகவும் குறைவு. 2020-க்குள் 350,000 பேர் குடியேறுவார்கள் என்று திட்டமிட்டார்கள். அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத ஊரில் பேருந்தும் கடையும் மெதுவாகத்தான் வரும், அதுவரை மக்கள் காரைத்தான் எடுப்பார்கள். குடியிருப்புத் தொகுதிகளும் பெரியவை, ஒவ்வொன்றும் 400 மீட்டருக்கு 400 மீட்டர். பயணங்களில் 90 விழுக்காடு நடை, சைக்கிள், பொதுப் போக்குவரத்து என்ற இலக்கை எட்ட வேண்டுமானால் இதைவிடச் சிறிய தொகுதிகள் வேண்டும்.

ஆகவே விளம்பரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாழ்நிலத்தை மீட்டதில் முழு வெற்றி; எரிசக்தியிலும் போக்குவரத்திலும் பாதி வழிதான் வந்திருக்கிறார்கள். வீடு பார்க்கும்போது ஏரிக்காட்சிக்காக அதிக வாடகை கொடுக்காதீர்கள். பிள்ளைகளின் பள்ளிக்கும் கணவரின் அலுவலகத்துக்கும் நடந்தே போகும் தூரத்தில் பாருங்கள்.