காத்தோங்கின் பழைய ரொட்டிக்கடை

காத்தோங் வட்டாரத்தில், ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் ‘சின் மீ சின்’ என்ற ரொட்டிக்கடை இருக்கிறது. 1925ஆம் ஆண்டு ஹைனானியக் குடும்பம் ஒன்று தொடங்கிய கடை அது. அங்கே பன்னை இரண்டாகப் பிளந்து, வாட்டி, வெண்ணெயும் காயாவும் வைத்துக் கொடுப்பார்கள். காயா கிண்டுவதற்குப் பொறுமை வேண்டும். தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை மூன்றையும் சிறு தீயில் வெகுநேரம் கிளற வேண்டும். அவசரப்பட்டால் முட்டை திரிந்துவிடும். கூடவே காப்பியும் உண்டு. பால் வேண்டாதவர்கள் ‘கோப்பி ஓ’ என்று கேட்பார்கள்.

2018ஆம் ஆண்டின் இறுதியில் கடை மூடப்பட்டது. வாடிக்கையாளர்கள் வருந்தினர். 2021இல் உணவக நிறுவனம் ஒன்று அதை மீண்டும் திறந்தது. பழைய தரை ஓடுகள் இன்னும் இருக்கின்றன. காயா பன்னும் கிடைக்கிறது. பழைய சுவை இருக்கிறதா? முன்பு அங்கே சாப்பிட்ட தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களை அழைத்துச் சென்று கேட்டுப் பாருங்கள்.