ஒட்டுக் கட்ட மலிவான மடக்குக் கத்தி வாங்கும் முறை

புதுக்கோட்டை ஜில்லாவில் ஆதனக்கோட்டை, ஆலங்குடிப் பக்கங்களில் முந்திரி ஒட்டுக் கன்றுகளைத் தாமே தயாரிக்க விரும்பும் மிராசுதார்களுக்கு முதற்கண் வேண்டுவது நல்ல மடக்குக் கத்தி. இளந்தண்டு ஒட்டில் வேர்ச்செடியைப் பிளந்து, ஒட்டுக்குச்சியை ஆப்புப் போலச் சீவிச் செருகுகிறோம். பட்டைக்கு உட்புறமுள்ள வளர்திசுக்கள் ஒன்றோடொன்று படிந்தாலன்றி ஒட்டுப் பிடிக்காது. மழுங்கிய அலகு திசுவை நசுக்கும்; ஆடும் அலகு வெட்டைக் கோணலாக்கும். இரண்டிலும் கன்று பட்டுப்போய்ப் பருவம் வீணாகும்.

1. அலகு: கரி எஃகு, துருவேறா எஃகு என இது இருவகைப்படும். நூற்றுக்குச் சுமார் 0.6 முதல் 1 பங்கு வரை கரி கலந்த எஃகு, தோய்ச்சல் சரியாயிருப்பின் நுண்ணிய கருக்கை ஏற்கும். சாணைக்கல்லில் எளிதில் தீட்டவரும். ஆயினும் துவர்ப்புச் சாறு பட்டால் கறுக்கும். ஈரம் நின்றால் துருப்பிடிக்கும். 1913-ம் வருஷத்தில் ஷெபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் உருவாக்கிய வழியில் வந்த துருவேறா எஃகில், குரோமியம் நூற்றுக்கு 10½ பங்குக்குக் குறையாது. அது ஈரத்தைத் தாங்கும். தீட்டுவதற்குக் கூடுதல் நேரம் வேண்டும்.

பளபளப்பைக் கண்டு ஏமாறலாகாது. காந்தத்தில் ஒட்டாத அலகு, தோய்ச்சலால் கடினப்படாத வகையாதலால் தள்ளத்தக்கது. ஒட்டினாலும், கருக்கின் அடிப்பக்கத்தில் மெல்லிய அரத்தை லேசாக இழுத்துப் பார்க்கவும். அரம் எளிதில் கடித்துத் துகள் உதிர்ந்தால், அவ்வலகு மென்மையானது, கருக்கு நிலைக்காது.

2. மூட்டு: அலகை முழுதும் திறந்து, அதன் முதுகைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கவும். புதிதிலேயே ஆடும் ஆணி நாளடைவில் மேலும் தளரும். பிடியின் முதுகிலுள்ள வில் அலகை இறுகத் தாங்க வேண்டும்; இல்லையேல் வெட்டும்பொழுது மடங்கி விரலைக் காயப்படுத்தும்.

3. பிடி: மரப்பிடி நனைந்தால் உப்பும், மட்டமான பிளாஸ்டிக் பிடி வெயிலில் வெடிக்கும். எதுவாயினும், உள்ளே உலோகத் தகடு வைத்து, இருபுறமும் ஊடுருவிய ஆணிகளால் இறுக்கியதே உறுதியானது.

உள்நாட்டுத் தோட்டங்களுக்குக் கரி எஃகுக் கத்தியே போதுமானது. தினமும் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி வைத்தால் நெடுநாள் உழைக்கும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் முதலிய கடலோரத்தார் உப்புக்காற்றை முன்னிட்டுத் துருவேறா எஃகை வாங்குவது நலம். கிராமத்தார்க்காக மொத்தமாக வாங்கும் அதிகாரிகள், மாதிரியை மாத்திரம் பாராமல், ஒவ்வொரு கத்தியையும் மேற்கண்டவாறு சோதித்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். மலிவான சரக்கில் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை.