ஊராருக்குக் கணக்குச் சொல்லுதல்

ஊராட்சி மன்ற உறுப்பினர் ஒருவர் தம் பகுதி மக்களிடமிருந்து ஓயாது கேட்கும் வினா ஒன்றுண்டு. "நம் தெருச் சாலை என்னவாயிற்று?" என்பதே அது. இதற்கு நம் ஊர்களில் பெரும்பாலும் கிடைக்கும் விடை, "ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது" என்பதாகும். இவ்விடை பொய்யன்று, ஆயினும், கேட்டவருக்கு இதனால் விளங்கியது யாதொன்றுமில்லை. ஆறு திங்கள் கழித்தும் இதே விடை வருமாயின், மக்கள் கேட்பதையே விட்டுவிடுவர். கேட்பதை விட்டுவிட்ட ஊரில் கிராம சபை கூடினும் ஒன்றே, கூடாவிடினும் ஒன்றே. ஆதலின், சாலை, குடிநீர், விளக்கு முதலிய பொதுக்காரியங்களின் நிலையை உறுப்பினர் ஊராருக்கு எவ்வாறு எடுத்துரைத்தல் வேண்டும் என்பதை ஈண்டுச் சற்று விரிவாகக் காண்போம்.

கணக்குக் காட்டுதல் நம் நாட்டுக்குப் புதிய வழக்கமன்று. உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உரியோரைத் தேர்ந்தெடுத்த அச்சபை, முன்னர் வாரியப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாது விட்டவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் தேர்தலுக்கே தகுதியற்றவராக விலக்கி வைத்தது. அச்சபை நிலமும் கல்வியும் உடைய அந்தணரின் சபை என்பதையும், உழுதவருக்கும் பெண்டிருக்கும் அங்கு இடமில்லை என்பதையும், அதனைப் புகழும்போது நாம் மறத்தலாகாது. இன்றைய கிராம சபையோ, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவருக்கும் உரியது. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதற்கு அடிப்படையாக அமைந்துள்ளன.

இனிச் சாலைக்கு வருவோம். உறுப்பினர் முதற்கண் அறிய வேண்டியது, எந்தச் சாலை யாருடையது என்பதே. கண்ணுக்கு எல்லாச் சாலையும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் மாநில நெடுஞ்சாலையும், மாவட்ட முக்கியச் சாலையும், மாவட்ட இதரச் சாலையும் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ளவை. ஊர்களை இணைக்கும் சாலைகளுள் ஒன்றியச் சாலையென வகைப்படுத்தப்பட்டவை ஊராட்சி ஒன்றியத்துக்கு உரியவை. எஞ்சிய ஊர்ச் சாலைகளையும் தெருக்களையும், அவற்றின் சிறுபாலங்களையும் அமைத்துப் பேணுவது, சட்டத்தின் 110-ஆம் பிரிவின்படி, கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமை. ஏரிக்கரைப் பாதையும் வாய்க்கால் கரைப் பாதையும் நீர்வளத் துறையின் கையில் இருக்கக்கூடும். சில இடங்களில் தலைமுறை தலைமுறையாக வண்டி ஓடிய தடம் பட்டா நிலத்தின் ஊடே செல்வதும் உண்டு. அங்கே உரியவர் இசைவின்றி ஒரு கூடை மண்ணும் கொட்ட இயலாது. ஆகவே, சாலை போடுவதாக வாக்களிக்கும் முன், கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று புலப்படத்தைப் பார்த்துவருதல் நன்று. அரை நாள் செலவாகும். ஆனால் மூன்றாண்டுப் பழி நீங்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஊருக்கும் அதன் குக்கிராமத்துக்கும் இடையே ஓடை ஒன்று. அதன்மேல் இருந்த குழாய்ப்பாலம் ஐப்பசி மழையில் அரித்து ஒருபுறம் அமிழ்ந்துவிட்டது. மிதிவண்டி போகும், நெல் ஏற்றிய டிராக்டர் போகாது, 108 ஊர்தி வராது. பள்ளிப் பிள்ளைகள் ஓடையில் இறங்கி ஏறுகின்றனர். பேறுகாலத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வர நேரிடுமோ என்ற அச்சம் அங்குள்ள ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. இந்நிலையில் உறுப்பினர் வந்து, "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்" என்றால், அம்மக்களுக்கு எவ்வாறு இருக்கும்?

அவர் சொல்ல வேண்டுவது, பணி எந்தப் படியில் நிற்கிறது என்பதே. ஒரு பணிக்குப் படிகள் பல உள. கிராம சபையில் அல்லது ஊராட்சி மன்றத்தில் தீர்மானம் நிறைவேறுதல் ஒன்று. ஒன்றியப் பொறியாளர் இடத்தை அளந்து மதிப்பீடு தயாரித்தல் அடுத்தது. பின்னர் நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் வேண்டும். நிதி எந்தத் தலைப்பில் என்பது முடிவாக வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரி, பணி உத்தரவு வழங்கிய பின்னரே முதற்கல் விழும். பணி நடக்கும்போது அளவுப் புத்தகத்தில் பதிவு செய்து, அதன்மேல் பட்டியல் தயாரித்துப் பணம் வழங்கப்பெறும். இத்தனை படிகளும் ஊராருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்கலாம். கட்டாயம் தெரிந்திருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கத் தெரிந்த உழவருக்கு, மதிப்பீடும் அனுமதியும் விளங்காத பொருள்கள் அல்ல.

மேற்சொன்ன பாலத்தைப் பற்றி உறுப்பினர் இவ்வாறு கூறலாம்: "பாலம் ஒன்றியச் சாலையில் உள்ளது, ஊராட்சி நிதியில் அதனைக் கட்ட நமக்கு வழியில்லை. அக்டோபர் 2 கிராம சபைத் தீர்மானம் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுக்கப்பட்டுள்ளது; கொடுத்ததற்கு ஒப்புகை இதோ. பொறியாளர் வந்து அளந்து சென்றுவிட்டார். மதிப்பீடு இன்னும் கையொப்பமாகவில்லை. இந்த அறுவடைக்குப் பாலம் வராது. அதுவரை ஓடையில் குழாய் பதித்துக் கிராவல் கொட்டி மாற்றுப் பாதை அமைக்க ஒன்றியத்திடம் இசைவு கேட்டிருக்கிறோம்." இதில் இனிப்பான செய்தி ஏதுமில்லை. எனினும், "இந்த அறுவடைக்கு வராது" என்று அறிந்த உழவர், நெல்லை எவ்வழியே ஏற்றுவது, வாடகை எவ்வளவு கூடும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்வார். இல்லாத பாலத்தை நம்பிக் களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு மழையில் நனையவிடமாட்டார். உறுப்பினர் சொல்லத் தயங்கும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஊராருக்கு ஆதாயம் இருக்கிறது.

பணம் இருந்தும் சாலை ஏன் போடவில்லை என்ற ஐயமும் எழுவதுண்டு. அதற்கும் விடை சொல்ல வேண்டும். ஊராட்சியின் வருவாயில் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவை ஊர் ஈட்டுபவை. மாநில நிதிக்குழு, மத்திய நிதிக்குழு மானியங்கள் வெளியிலிருந்து வருபவை. இவற்றுள் சிலவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. சான்றாக, 15-ஆவது மத்திய நிதிக்குழு 2021-26 ஆண்டுகளுக்குப் பரிந்துரைத்த ஊரக உள்ளாட்சி மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்குமென ஒதுக்கப்பட்டது. அதனை எடுத்துத் தார்ச் சாலை போட இயலாது. வங்கிக் கணக்கில் தொகை இருப்பதைக் கேள்வியுற்றவர் சந்தேகப்படுவது இயல்பே. எத்தொகை எதற்கு உரியது என்பதைத் தலைப்புவாரியாக எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி தீராதாயின், தீராததற்குக் காரணம் இருக்கக்கூடும், அதனையும் விசாரிக்கட்டும்.

சாலைப் பணி தொடங்கியபின், ஊராரே நல்ல மேற்பார்வையாளர். சாலைக்கு முதற்பகை நீர். ஆகையால் சாலையின் நடு உயர்ந்தும் இருபுறமும் சரிந்தும் இருத்தல் வேண்டும். 3.75 மீட்டர் அகலமுள்ள தார்ச் சாலையில், நூற்றுக்கு 3 என்ற சரிவின்படி, நடுப்பகுதி ஓரத்தைவிட ஏறக்குறைய 5 அல்லது 6 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். குறுக்கே ஒரு நூலைப் பிடித்து, ஓர் அளவுகோலைக் கொண்டு இதனைப் பார்த்துவிடலாம். பொறியியல் படிப்பு வேண்டுவதில்லை. மழை பெய்த மறுநாள் சாலையில் எங்கே நீர் தேங்குகிறது என்று பார்ப்பது அதனினும் எளிது. பக்கக் கால்வாய் இல்லாத தெருச் சாலை, எவ்வளவு தடிப்பாகத் தாரிட்டாலும் இரண்டு மழைக்குமேல் நில்லாது.

2000 டிசம்பர் 25-இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சாலையைப் போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்தாண்டு அதனைப் பராமரிக்கும் பொறுப்பும் உடையவர். இச்செய்தி பல ஊர்களில் தெரிவதில்லை. மூன்றாம் ஆண்டில் குழி விழுந்த சாலையை எண்ணி ஊராட்சியை வைதுகொண்டிருப்பார்கள். செப்பனிட வேண்டியவரோ நிம்மதியாக இருப்பார். சாலையோரத்து அறிவிப்புப் பலகையில் பணி முடிந்த நாளும் ஒப்பந்தக்காரர் பெயரும் எழுதியிருக்கும். உறுப்பினர் அந்நாளைக் குறித்துக்கொண்டு, பராமரிப்புக் காலம் எப்போது முடிகிறது என்பதை ஊராருக்குச் சொல்லி வைக்க வேண்டும். பிற திட்டங்களில் போட்ட சாலையாயின், பொறுப்புக் காலம் எவ்வளவு என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிதல் தகும்.

உழவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. உறுப்பினர் வாக்குக்கு அஞ்சி இதனைச் சொல்லாது விடுகிறார். சேற்றுழவுக்கு மாட்டும் கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரத்தைக் கழற்றாமலே டிராக்டரைத் தார்ச் சாலையில் ஓட்டிச் செல்வதால், புதுச் சாலை ஒரே பருவத்தில் கொத்திய கல் போலாகிறது. குடிநீர் இணைப்புக்கோ பாசனக் குழாய்க்கோ சாலையைக் குறுக்கே வெட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவதும் இதனை ஒத்ததே. வெட்டிய இடத்தில் நீர் இறங்கும். இறங்கிய இடத்தில் அடித்தளம் தளரும். அங்கேயே முதற்குழி தோன்றும். இவற்றையும் சாலை அறிக்கையில் சேர்த்துச் சொல்லும் உறுப்பினரைச் சிலர் முறைப்பர். முறைக்கட்டும்.

குடிநீரைப் பற்றிச் சொல்லும்போது எண்ணில் சொல்லுதல் நன்று. 2019-இல் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கம் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்தது. 600 பேர் வாழும் பகுதிக்கு இது 33,000 லிட்டராகும். அங்குள்ள மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் கொள்ளுமாயின், நாளொன்றுக்கு ஒருமுறை நிரப்பினால் போதாது என்பது கணக்கிலேயே தெரிகிறது. கடைசித் தெருவில் குழாய் வறண்டிருப்பதற்கு மோட்டார் இயக்குபவரைக் கோபித்துப் பயனில்லை. அத்தொட்டிக்கு, 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற அளவில், 120 கிராம் பிளீச்சிங் பவுடர் வேண்டும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும். தொட்டியைக் கழுவிய நாளைத் தொட்டியிலேயே எழுதி வைக்கும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு; அந்நாள் பழைய நாளாகவே நிற்கிறதா என்பதை ஊரார் நிமிர்ந்து பார்த்தால் தெரியும். தெருவிளக்கைப் பற்றி முறையிடுவோர் கம்பத்தின் எண்ணைச் சொன்னால் பணி விரையும் என்பதற்குமேல் விளக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

எதனை எப்போது சொல்வது? தமிழ்நாட்டில் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களில் கூடிவந்த கிராம சபை, 2022-இல் வெளியான அறிவிப்பின்படி மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடுவதாயிற்று. இந்நாள்கள் உழவுப் பருவத்தோடு நன்கு பொருந்துகின்றன. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். கோடை முற்றுமுன் ஆழ்துளைக் கிணறுகளின் நிலையையும் கைப்பம்புகளின் பழுதையும் அன்று சொல்லிவிட வேண்டும். மே, ஆகஸ்டுக் கூட்டங்கள் சாலைப் பணிகளுக்கு உரியவை. அக்டோபர் 2-இல் சாக்கடை, ஓடை, சிறுபாலம் ஆகியவை வடகிழக்குப் பருவமழைக்கு ஆயத்தமா என்பதே முதற்பொருளாக இருக்க வேண்டும். நவம்பர் 1-இல் மழைச் சேதம். சனவரி 26 டெல்டாப் பகுதியில் சம்பா அறுவடை நடக்கும் காலம்; அன்று நீண்ட உரைகள் வேண்டா. கூட்டத்துக்குக் குறைந்த அளவு வருகையும் வகுக்கப்பட்டுள்ளது: மக்கள் தொகை 500 வரையாயின் 50 பேர், 3,000 வரையாயின் 100 பேர், 10,000 வரையாயின் 200 பேர், அதற்கு மேற்பட்டால் 300 பேர். வீடுவீடாகப் பதிவேட்டை அனுப்பிக் கையொப்பம் வாங்கி இவ்வெண்ணை நிரப்புவது கூட்டமாகாது.

கூடும் இடமும் சிந்திக்கத்தக்கது. மதச் சார்புள்ள வளாகங்களில் கிராம சபை கூடலாகாது என்பது அரசின் அறிவுரை. அதற்குக் காரணம் வெளிப்படை: ஊரில் எவரேனும் ஒருவர் கால்வைக்கத் தயங்கும் இடத்தில் ஊர்ச் சபை நடத்தல் முறையன்று. கூட்டம் எப்போதும் பெரிய தெருவிலேயே நடந்தால், பாலம் உடைந்த குக்கிராமத்தார் வரமாட்டார். சுழற்சி முறையில் அங்கும் ஒருமுறை கூட்டி, உடைந்த பாலத்தைக் கடந்தே அதிகாரிகளும் வரட்டும். இன்னொன்று: தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி மகளிருக்கு உரியது. பெண் உறுப்பினர் மேடையில் இருக்க, அவருக்காக அவர் கணவர் எழுந்து சாலைக் கணக்கு வாசிக்கும் காட்சியைச் சில ஊர்களில் காண்கிறோம். குடத்துடன் குழாயடியில் நின்றவர் அப்பெண்மணி. குடிநீரின் நிலை அவருக்குத் தெரிந்த அளவு கணவருக்குத் தெரியாது.

இவை யாவற்றுக்கும் வேண்டும் கருவி ஒரு நோட்டுப் புத்தகமே. ஒவ்வொரு பணிக்கும் ஒரு பக்கம். இடம், சாலையின் வகை, தீர்மானத்தின் நாளும் எண்ணும், மனு கொடுத்த நாள், இன்று நிற்கும் படி, அடுத்துப் பார்க்க வேண்டிய அலுவலர் ஆகியவற்றை அதில் எழுதுக. கிராம சபையில் அப்பக்கத்தை அப்படியே வாசிக்கலாம். 2016 முதல் 2019 வரை தமிழ்நாட்டு ஊராட்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரின்றித் தனி அலுவலரின்கீழ் இருந்தன. 2025 சனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் மீண்டும் அந்நிலை வந்தது. அத்தகைய வேளையில், நிலுவையிலுள்ள பணிகளின் படி யாருக்கும் தெரியாமல் போய், அளந்த பாலத்தை மீண்டும் முதலிலிருந்து அளக்க நேரிடும். பதவிக்காலம் முடியும் நாளில் உறுப்பினர் அந்நோட்டின் படி ஒன்றை ஊராட்சிச் செயலரிடமும், மற்றொரு படியைப் பாலத்துக்கு அப்பால் வாழும் ஊரார் ஒருவரிடமும் கொடுத்துச் செல்லலாம்.