வளர்த்த சேவலே நம்மைக் கொத்தினால்...

குஞ்சிலிருந்து கையில் தீனி போட்டு வளர்த்த சேவல், ஐந்தாறு மாதம் ஆனதும் நம் காலிலேயே பாய்கிறதா? நன்றி கெட்டது என்று திட்ட வேண்டாம். அந்த வயதில்தான் அதற்குப் பருவம் வருகிறது. பெட்டைகளைக் காப்பது அதன் குணம். கையிலேயே வளர்ந்ததால் மனுசர்மேல் பயமும் கிடையாது. அதனால் நம்மையும் இன்னொரு சேவலாக நினைத்து மோதுகிறது.

பாய்வதற்கு முன் கழுத்து இறகைச் சிலிர்க்கும்; ஒரு இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சுற்றிவரும். அப்போது ஓடினால், மறுநாளும் துரத்தும். துடைப்பத்தால் அடித்தால், சண்டைக்கு வந்ததாக நினைக்கும். முறத்தைக் குறுக்கே பிடித்து, அது விலகும்வரை அசையாமல் நிற்போம். அதன் கண்முன்னே பெட்டைகளை விரட்டிப் பிடிக்காமல், இருட்டியபின் கூட்டில் பிடிப்போம்.

பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும்போது சேவலைப் பஞ்சாரத்தில் மூடிவைப்போம். கண்ணில் கொத்தினால் பார்வையே போகலாம். கால் முள் கிழித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி டி.டி. ஊசி பற்றிக் கேட்போம்.

அப்படியும் அடங்காவிட்டால் கறிக்கு விற்றுவிடுவோம். அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் வரலாம். எனவே அடைக்கு வைக்க, சாதுவான சேவல் உள்ள வீட்டு முட்டையை வாங்குவோம். சேவல்மேல் ஆசை இருக்கட்டும். பிள்ளைமேல் கண் இருக்கட்டும்!